வெட் (கால்நடை மருத்துவர்) மேல் நம்பிக்கை இல்லாதபோது நாய்க்குக் கருத்தடை செய்யலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். சிங்கப்பூரில், கொண்டோவில் (தனியார் அடுக்குமாடி வீட்டில்) இரண்டு நாய்கள்: 10 மாதப் பெண் டாய் பூடில், 8 மாத ஆண் கோல்டன் ரிட்ரீவர். பூடிலுக்குப் போன மாதம்தான் முதல் ஹீட் (இணைசேரும் பருவம்) முடிந்தது. அந்த மூன்று வாரமும் கோல்டன் பையனை உங்கள் அக்கா வீட்டில் விட்டிருந்தீர்கள். ஒரு கிளினிக்கில் காதுப் புண்ணுக்கு மூன்று தடவை மருந்து மாற்றியும் ஆறவில்லை. இன்னொன்றில் "சின்ன வயசுதானே, ரத்தப் பரிசோதனை எதற்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். இவர்கள் கையில் கொடுத்து வயிற்றைக் கிழிக்க மனம் வரவில்லை, அப்படியே விட்டுவிடலாமா என்கிறீர்கள்.

நானும் இதே காரணத்துக்காகத்தான் விட்டேன். அதனால் என்ன ஆனது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

தேனு எங்கள் முதல் நாய். சில்க்கி டெரியர், நாலரைக் கிலோ. ஒன்றரை வயதில் கருத்தடைக்குத் தேதி வாங்கியிருந்தோம். அதற்கு இரண்டு வாரம் முன்பு என் அக்காவின் ஷிட்சு நாய்க்கு வேறொரு கிளினிக்கில் அதே ஆபரேஷன் நடந்தது. மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரவு எட்டு மணிக்கு அக்கா கூப்பிட்டு, "ஈறு வெள்ளையா இருக்குடி, காகிதம் மாதிரி" என்றாள். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. விடியும்முன் போய்விட்டது. கடைசி நேரத்தில் எடுத்த ரத்தத்தில்தான் உண்ணிக் காய்ச்சல் இருந்ததும், ரத்தம் உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்கள் அதலபாதாளத்தில் கிடந்ததும் தெரியவந்தது. ஆபரேஷனுக்கு முன் யாரும் பார்க்கவில்லை. மறுநாளே நான் தேனுவின் தேதியை ரத்து செய்தேன். நல்ல டாக்டர் கிடைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டேன். அந்தப் 'பிறகு' ஏழரை வருஷம் ஆகிவிட்டது.

2017 தீபாவளிக்கு முந்தின நாள். முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன். தேனுவின் தண்ணீர்க் கிண்ணம் காலியாக இருந்ததால் நிரப்பினேன். அரை மணி நேரத்தில் மறுபடி காலி. மூன்றாவது தடவை நிரப்பும்போதுதான் உறைத்தது. முந்தின நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, நடக்கும்போது பின்னங்கால் தள்ளாடியது. ஹீட் முடிந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது, அதையும் இதையும் நான் முடிச்சுப் போடவில்லை. ராத்திரி பதினொன்றுக்கு அவசரப் பிரிவில் வயிற்றை ஸ்கேன் செய்த இளம் டாக்டர், "கர்ப்பப்பை முழுக்கச் சீழ், வாய் மூடியிருக்கிறது, அதனால்தான் வெளியே எதுவும் வரவில்லை. இன்று இரவே எடுக்க வேண்டும்" என்றார். பயோமெட்ரா என்ற சொல்லை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன். அன்றே கருத்தடை செய்து கர்ப்பப்பையை எடுத்திருந்தால் இது வந்தே இருக்காது.

அந்த டாக்டரை அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை. மயக்க மருந்து கொடுக்கும்போது யார் பக்கத்தில் இருப்பார்கள், நர்ஸுக்கு எத்தனை வருஷ அனுபவம், எதையும் கேட்க நேரமில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஆரோக்கியமாக இருந்த ஒன்றரை வயது நாயை முன்பின் தெரியாதவர் கையில் கொடுக்கப் பயந்தவள், சிறுநீரகம் பாதி செத்துப்போன ஒன்பது வயது நாயை முன்பின் தெரியாதவர் கையிலேயே கொடுத்தேன். முடிந்ததும் தட்டில் வைத்துக் காட்டினார். பென்சில் கனம்கூட இருக்கக் கூடாத கர்ப்பப்பை, லாப் சியோங் (சீனத் தொத்திறைச்சி) மாதிரி கணுக்கணுவாக வீங்கிக் கிடந்தது. தேனு பிழைத்தாள். சிறுநீரகம் மட்டும் தேறவேயில்லை. 14 மாதம் தினமும் தோலுக்கடியில் சலைன் ஏற்றினோம். பில் 4,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை, அந்த 14 மாதத்தைப் பற்றித்தான்.

ஆகவே என் பதில் இது. வெட்டை நம்ப முடியவில்லை என்பது ஆபரேஷனைத் தள்ளிப்போட நல்ல காரணம், கைவிட நல்ல காரணமாகாது. பெண் நாய் விஷயத்தில் கைவிட்டால் அதே வெட்களிடம்தான் போய் நிற்க நேரும், ஆனால் நாளும் நேரமும் நம் கையில் இருக்காது.

எண்களைப் பாருங்கள். கருத்தடை செய்யாத பெண் நாய்களில் 10 வயதுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பயோமெட்ரா வருகிறது என்று ஸ்வீடனின் காப்பீட்டுப் பதிவுகள் காட்டின. மயக்க மருந்து பற்றி பிரிட்டனில் ஏறத்தாழ ஒரு லட்சம் நாய்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2008ல் வெளியானது. ஆரோக்கியமான நாய்களில் இறப்பு சுமார் 2,000க்கு ஒன்று. ஏற்கெனவே நோயில் இருந்தவற்றில் 75க்கு ஒன்று. அதாவது, "கத்தியே வேண்டாம்" என்று இருந்துவிட்டால் 2,000க்கு ஒன்று என்ற ஆபத்திலிருந்து தப்பி, நான்கில் ஒரு வாய்ப்பில் 75க்கு ஒன்று என்ற ஆபத்தின் முன் நிற்கிறோம். அக்காவின் ஷிட்சுவை எரித்துவிட்டு வந்த வாரத்தில் இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் காது கொடுத்திருப்பேனா என்று தெரியவில்லை. சொல்ல ஆளில்லை என்பது மட்டும் நிஜம்.

உங்கள் வீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு, எனக்கு அதுதான் பயோமெட்ராவைவிடப் பெரிய பயம். ஒரே கூரையின் கீழ் கோல்டன் பையனும் டாய் பூடில் பெண்ணும். ஹீட் ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். உங்கள் அக்கா ஒவ்வொரு தடவையும் பையனை வைத்துக்கொள்வார்களா? ஒரு நாள் யாரோ அறைக்கதவைத் திறந்து வைத்துவிட்டால் போதும். அத்தனை சின்ன உடம்பில் பெரிய இனத்து அப்பாவின் குட்டி வளர்ந்தால் தானாகப் பிரசவமாவது கடினம். சிசேரியன்தான், அதுவும் பெரும்பாலும் நடுராத்திரியில். ஹீட்டைத் தள்ளிப்போட ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஹார்மோன் ஊசிகளே பயோமெட்ரா வருவதற்கான வாய்ப்பைக் கூட்டுபவை.

பையன் விஷயம் வேறு, அங்கே நான் உங்கள் தயக்கத்தின் பக்கம். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 759 கோல்டன் ரிட்ரீவர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2013ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு வயதுக்குள் விதை நீக்கிய ஆண்களில் இடுப்பு மூட்டுக் கோளாறு, நீக்காதவற்றைப்போல் இரண்டு மடங்கு. முழங்கால் தசைநார் கிழிவு நீக்காதவற்றில் ஒன்றில்கூட இல்லை, சீக்கிரம் நீக்கியவற்றில் 5 சதவீதம். எலும்பு வளர்ந்து முடியும்முன் ஹார்மோன் நின்றுபோவதுதான் காரணம் என்கிறார்கள். 2020ல் அதே குழு 35 இனங்களுக்கு இதை விரித்தபோது, சின்ன இனங்களில் மூட்டுப் பிரச்சினை அப்படிக் கூடவில்லை. ஆகவே 8 மாத கோல்டனை இப்போது தொட வேண்டாம். பூடிலுக்குச் செய்துவிட்டால் குட்டி பற்றிய பயம் போய்விடும், பிறகு பையனுக்கு ஒன்றரை வயதாகும்வரை நிதானமாக யோசிக்கலாம். இரண்டு விதையும் கீழே இறங்கியிருக்கிறதா என்று மட்டும் தடவிப் பாருங்கள். ஒன்று வயிற்றுக்குள்ளேயே தங்கியிருந்தால் அதில் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம், அப்போது எடுத்தே ஆக வேண்டும்.

லைசன்ஸ் கட்டணத்தில் கருத்தடை செய்த நாய்க்கு வருஷத்துக்கு 15 வெள்ளி, செய்யாததற்கு 90 வெள்ளி. அந்த வித்தியாசத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

நல்ல வெட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? தேனு போனபிறகு, அடோர் என்ற நாய் தத்தெடுப்புத் திட்டத்தில் மிளகு வந்தாள். கன்னங்கரேல் என்ற சிங்கப்பூர் ஸ்பெஷல் (உள்ளூர்க் கலப்பின நாய்), காட்டோரத்தில் பிடித்த தாயின் குட்டி. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இந்தத் திட்டத்தின் கீழ் வளர்த்தால் கருத்தடை கட்டாயம், கையெழுத்துப் போட்டுத்தான் கூட்டிவந்தோம். இந்தத் தடவை ஓடி ஒளிய வழியில்லை. நாயை வீட்டில் விட்டுவிட்டு, ஒரு நோட்டுடன் மூன்று கிளினிக்குகளுக்குப் போனேன்.

முதல் இடத்தில் "மயக்கத்தில் இருக்கும்போது யார் கவனிப்பார்கள்?" என்று கேட்டதும் கவுன்டரில் இருந்த பெண் சிரித்தார். இரண்டாவது இடத்தில் விலைப்பட்டியலை நீட்டினார்கள். மூன்றாவது இடம் ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம், மூன்று நாற்காலி போட்ட சின்னக் கடை. டாக்டர் என்னை உள்ளே கூட்டிப்போய் மானிட்டரைப் போட்டுக் காட்டினார். இது இதயத்துடிப்பு, இது ஆக்சிஜன், இது மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு, இது ரத்த அழுத்தம். "நான் வெட்டும்போது இதை நான் பார்க்க மாட்டேன், இவர்தான் பார்ப்பார், இவருக்கு வேறு வேலை கிடையாது" என்று நர்ஸை அறிமுகம் செய்தார். காலில் ஊசிக்குழாய் முன்பே போட்டிருப்பார்களா, தொண்டையில் குழாய் உண்டா, உடம்பு சில்லிடாமல் இருக்க என்ன செய்வார்கள், வலிக்கு என்ன கொடுப்பார்கள் என்று கேட்டேன். ஒன்றுக்கும் முகம் சுளிக்கவில்லை. முடிந்தபிறகு எத்தனை மணி நேரம் வைத்திருப்பீர்கள் என்பதை மட்டும் இரண்டு தடவை கேட்டேன். அந்த பிரிட்டன் ஆய்வில் இறந்த நாய்களில் கிட்டத்தட்ட பாதி ஆபரேஷன் முடிந்த பிறகே இறந்தன, அதில் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்துக்குள். "தானாக நடந்து, ஈறு நல்ல சிவப்பாக இருந்தால்தான் அனுப்புவேன், நீங்கள் அவசரப்படுத்தினாலும்" என்றார். ஈறு என்ற சொல்லை அவர் வாயால் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ரத்தம் எடுத்தார். பிளேட்லெட் 62,000. ஒன்றரை லட்சத்துக்குக் குறையக் கூடாது. மிளகு ஓடியாடிக்கொண்டுதான் இருந்தாள், பார்த்தால் எந்த நோயும் தெரியாது. எர்லிக்கியா என்ற உண்ணிக் காய்ச்சல். 28 நாள் டாக்ஸிசைக்ளின் கொடுத்து, மறுபடி எண்ணிப் பார்த்து, அது ஏறிய பிறகே தேதி கொடுத்தார். அக்காவின் ஷிட்சுவுக்கு நடந்ததேதான் இவளுக்கும் நடந்திருக்கும். ஒரு குழாய் ரத்தம், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால்தான் "சின்ன வயசு, பரிசோதனை எதற்கு" என்று உங்களிடம் சொன்ன இடத்துக்கு நீங்கள் திரும்பிப் போகவே கூடாது என்கிறேன். இது உண்ணி உள்ள ஊர். புல்லில் நடக்கும் எந்த நாய்க்கும் வரலாம், கொண்டோ நாயானாலும்.

ஆபரேஷனில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பசி கூடும், எடை ஏறும். மிளகுக்குச் சாப்பாட்டை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தேன். சில பெண் நாய்களுக்கு, பெரிய உடம்பானால் இன்னும் அதிகமாக, பின்னாளில் தூக்கத்தில் சிறுநீர் கசியும். பெரும்பாலும் மருந்தில் அடங்கும். முதல் ஹீட்டுக்கு முன்பே செய்யாவிட்டால் மார்பகக் கட்டியிலிருந்து காப்பாற்ற முடியாது என்று யாராவது பயமுறுத்தினால் பதறாதீர்கள். அந்த எண்கள் 1969ல் வந்த சின்ன ஆய்விலிருந்து வந்தவை, பிறகு சரிபார்த்தவர்கள் ஆதாரம் பலவீனம் என்றே சொன்னார்கள். என் அம்மா இன்றும், "ஒரு தடவையாவது குட்டி போட்டிருக்கலாம், பாவம்" என்பார். அம்மாவின் மனசு புரிகிறது. ஆனால் குட்டி போடுவதால் நாயின் உடம்புக்கு ஒரு நன்மையும் இல்லை.

உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. ஹீட் முடிந்த உடனே அந்தப் பகுதியில் ரத்த ஓட்டம் அதிகம், அதனால் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்வதே நல்லது. ஆக, வெட் தேடவே உங்களிடம் ஒன்றிரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் காதுப் புண்ணை ஒரு புது வெட்டிடம் காட்டுங்கள். பழைய கிளினிக்கில் சிகிச்சைப் பதிவைக் கேட்டு வாங்கி எடுத்துப் போங்கள். காதுச் சீழை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு மருந்து எழுதுகிறாரா, பார்க்காமலே எழுதுகிறாரா என்று கவனியுங்கள். ஒரு காதை எப்படிப் பார்க்கிறார் என்பதிலேயே ஆளைப் பாதி தெரிந்துகொள்ளலாம்.

மூன்று இடம் ஏறி இறங்கியும் மனசு ஒப்பவில்லை என்றால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். மிளகின் டாக்டர் அதே புளோக்கின் கீழ்தான் இருக்கிறார், அந்த நர்ஸும் இருக்கிறார். முதல் தடவை வேண்டுமானால் நானும் உங்களோடு வருகிறேன்.