சிவப்பு டொபி கூடுதலா?

அன்புள்ள ஐயா,

திருகோணமலை உவர்மலையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். கருதுகோள் சோதனையைப் பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்கட்டும் என்று, மத்திய வீதிக் கடையொன்றில் ஐந்து நிற டொபி பக்கற் நான்கு வாங்கி எண்ண வைத்தேன். சிவப்பு 52, ஊதா 44, மஞ்சள் 38, செம்மஞ்சள் 35, பச்சை 31, மொத்தம் 200. எல்லா நிறமும் சமம் என்ற சூனியக் கருதுகோளைக் கை வர்க்கச் சோதனை (எண்ணியதற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள இடைவெளியை அளப்பது) நிராகரிக்கவில்லை. சிவப்பை மட்டும் எடுத்து 20 சதவீதத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உண்டு என்று வருகிறது. எது சரி என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

அன்புள்ள ஆசிரியைக்கு,

இரண்டு கணக்கிலும் பிழை இல்லை. சிவப்பைப் பற்றிய கேள்வி எப்போது பிறந்தது என்பதில்தான் சிக்கல்.

ஒவ்வொரு நிறத்துக்கும் எதிர்பார்க்கும் எண்ணிக்கை 40. வித்தியாசங்கள் 12, 4, -2, -5, -9. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 270. 40ஆல் வகுத்தால் 6.75. நான்கு நிறம் தெரிந்தால் ஐந்தாவது தானாக வந்துவிடுவதால் சுயாதீனப் படி, அதாவது சுதந்திரமாக மாறக்கூடிய எண்ணிக்கைகள், 4. அதற்கு 5 சதவீத மட்டத்தில் (நிறங்கள் சமமாக இருந்தும் தவறாக நிராகரிக்கும் வாய்ப்பு 5 சதவீதம்) எல்லை 9.488. நீங்கள் அதைத் தாண்டவில்லை.

சிவப்பு 26 சதவீதம். நியம வழு (தற்செயலாக வரும் ஏற்ற இறக்கத்தின் அளவு) 0.2 × 0.8 ÷ 200 இன் வர்க்கமூலம், அதாவது 0.0283. எனவே 6 சதவீத வித்தியாசத்தை அதனால் வகுத்த z = 2.12, சிவப்பு உண்மையில் 20 சதவீதமாக இருந்தும் இவ்வளவு விலகல் தற்செயலாக வரும் நிகழ்தகவு 0.034. ஆனால் பக்கற்றைப் பிரித்து எண்ணி, ஐந்தில் எது உயரமாக நிற்கிறதென்று பார்த்த பிறகல்லவா சிவப்பைத் தெரிவுசெய்தீர்கள்? பச்சை கூடியிருந்தால் பச்சையைச் சோதித்திருப்பீர்கள். நிறங்கள் உண்மையில் சமமாக இருந்தாலும், ஐந்தையும் தனித்தனியே 5 சதவீத மட்டத்தில் சோதித்தால் ஏதோ ஒன்று அகப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 23 சதவீதம். அதனால் மட்டத்தை ஐந்தால் பிரித்து 0.01 ஆக வைக்க வேண்டும். 0.034 அதற்குள் வராது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

அதற்காக நிறங்கள் சமம் என்று எழுதிவிடவும் கூடாது. 200 டொபி போதாது. 20க்கும் 26க்கும் உள்ள வித்தியாசத்தை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க, சிவப்பு மட்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்தாலும் 370 அளவு வேண்டும். புதிதாக எட்டு பக்கற் வாங்குங்கள். பிரிக்க முன்னரே பலகையில் கேள்வியை எழுதிவையுங்கள். பழைய 200ஐ அதோடு சேர்க்க வேண்டாம். சந்தேகத்தைக் கிளப்பிய எண்ணிக்கையே அதற்குச் சாட்சியாகவும் முடியாது.

எட்டையும் ஒரே பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். நிறங்களைத் தனித்தனியே பூசிப் பிறகுதான் கலக்கிறார்கள். கலவை சீராக இல்லாவிட்டால் பக்கற்றுக்குப் பக்கற் நிறம் திரண்டு நிற்கும், கை வர்க்கம் காரணமின்றி ஊதிப் பெருக்கும். தொகுதி இலக்கம் பார்த்து டவுனில் சில, நிலாவெளியில் சில, கிண்ணியாவில் சில என்று வாங்கலாம். பக்கற்றுக்குப் பக்கற் நிறக்கலவை மாறுகிறதா என்று அறிய, உங்களிடமுள்ள நான்கு பக்கற்றையும் நான்கு நிரை, ஐந்து நிரல் அட்டவணையாகப் போட்டுப் பாருங்கள். எதிர்பார்க்கும் எண்ணிக்கை, நிரைக் கூட்டுத்தொகையை நிரல் கூட்டுத்தொகையால் பெருக்கி 200ஆல் வகுத்தது. சுயாதீனப் படி 3 × 4 = 12, எல்லை 21.026. (1900இல் இந்தச் சோதனையைத் தந்த கார்ல் பியர்சன் இப்படியான அட்டவணைக்குச் சுயாதீனப் படியை 19 என்றே எடுத்திருப்பார், 1922இல் புள்ளிவிபரவியலாளர் ஃபிஷர்தான் திருத்தினார்.) எந்தக் கட்டத்திலும் எதிர்பார்ப்பு 5க்குக் கீழே போகக் கூடாது.

பிள்ளைகள் வழக்கமாக விடும் பிழை, எண்ணிக்கைக்குப் பதில் சதவீதத்தைச் சூத்திரத்தில் போடுவது. உங்கள் தரவில் 6.75க்குப் பதில் 3.375 வரும், நூறு டொபிதான் எண்ணினோம் என்று சொன்ன மாதிரி.

வெப்பமான கச்சான் காற்றுக் காலத்தில் செம்மஞ்சள் சிவப்போடு ஒட்டிச் சாயம் இறங்கும். பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளில், இருவர் தனித்தனியே எண்ணட்டும். உடைந்த பாதிகளை என்ன செய்வதென்றும் முதலே தீர்மானியுங்கள். எண்ணி முடியும் வரை ஒருவரும் வாயில் போடக் கூடாது. பிடித்த நிறம்தான் முதலில் குறையும்.