வாசகர் கேள்வி பதில்: கடல்நீரேரிக்கு நாங்கள் என்ன செய்யலாம்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் கனக்க யாழ்ப்பாணக் கடல்நீரேரியைப் பற்றியே இருந்ததால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் பாடசாலைச் சுற்றாடல் கழகம் பக்கத்துச் சேற்று வெளியில் 500 கண்டல் கன்றுகள் நட விரும்புகிறது. செலவை ஏற்க ஒரு நிறுவனம் வந்திருக்கிறது, ஒரே நாளில் நட்டு முடிக்க வேண்டும் என்கிறார்கள். நடலாமா?
*(ஓர் ஆசிரியை, அரியாலை)*

நடாதீர்கள், ரீச்சர். குறைந்தது இந்த வருடம் நடாதீர்கள்.

பிள்ளைகளின் ஆசையைக் கெடுக்க இதைச் சொல்லவில்லை. இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் நேரில் போய்ப் பார்த்து 2017 இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை, பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு என்று மூன்றே மூன்றுதான். நட்டவர்கள் எல்லோரும் நல்ல மனதோடுதான் நட்டிருப்பார்கள். ஆனால் எந்த இடம், எந்த இனம், தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும், மாடு மேயுமா, நட்ட பிறகு யார் பார்ப்பது என்பதையெல்லாம் யோசிக்காமல் நட்டால் கன்று சாகும்.

எங்கள் பரவைக்கடலில், அதாவது இந்தக் கடல்நீரேரியில், இது இன்னும் சிக்கல். இங்கே வற்றும் பெருக்கும் மிகவும் குறைவு, மாரி மழைக்கு வெள்ளம் ஏறி வாரக்கணக்கில் நிற்கும், கோடையில் அதே கரை உப்புப் பூத்து வெடித்துக் கிடக்கும், ஆக ஒரே இடத்தில் ஒரு கன்று மூழ்கியும் சாகலாம் காய்ந்தும் சாகலாம். நடுகிறவர்கள் பெரும்பாலும் நீளக் காயாய்த் தொங்கும் கண்டல் இனத்தைத்தான் எடுக்கிறார்கள், ஏனென்றால் அதைப் பொறுக்குவதும் சேற்றில் குத்துவதும் சுலபம். ஆனால் யாழ்ப்பாணக் கரையில் தானாகவே அதிகம் நிற்பது கண்ணா மரம், மூச்சு வேர்களை மேலே நீட்டிக்கொண்டு நிற்குமே, அதுதான். உப்பைத் தாங்குவதில் அது கெட்டிக்கார மரம்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம்: மரம் இல்லாத சேற்று வெளி வெறும் நிலம் இல்லை. புழுவும் சிப்பியும் சிறு நண்டும் அங்கேதான் இருக்கின்றன, அதை நம்பித்தான் வடக்கே இருந்து வரும் உள்ளான்களும் பூநாரைகளும் இங்கே இறங்குகின்றன. தரவை என்கிற வெட்டை வெளியிலும் உமரிச் செடி வளரும் உப்பு நிலத்திலும் கண்டலைக் கொண்டுபோய் நெருக்கி நட்டு, அது ஒருவேளை பிழைத்தும் விட்டால், அந்தப் பறவைகளுக்கு இருந்த மேய்ச்சல் நிலத்தை நாங்களே மூடிவிட்டோம் என்றுதான் அர்த்தம்.

சரி, பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுப்பது? ஒரு வருடம் அந்த இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கரையில் அளவு குறித்த ஒரு கம்பை நட்டுவிட்டு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதட்டும், மாடு எந்தப் பக்கத்தால் வருகிறது, கண்ணா விதைகள் தாமாக ஒதுங்கி எங்கே முளைக்கின்றன என்று குறிக்கட்டும். தானாக முளைத்த இடத்தைச் சுற்றி ஒரு வேலி போட்டுக் காவல் காத்தாலே பல இடங்களில் போதும், நட வேண்டிய தேவையே வராது. அதற்குப் பிறகும் நடத்தான் வேண்டும் என்றால் வனவளத் திணைக்களத்திடமும் பிரதேச செயலகத்திடமும் கேட்டுக்கொண்டு நடுங்கள். பணம் தருகிற நிறுவனத்திடம், கன்றுக்கு வேண்டாம், மூன்று வருடப் பராமரிப்புக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு நல்ல தொலைநோக்கிக்கும் தாருங்கள் என்று கேட்டுப் பாருங்கள். அதற்குச் சம்மதிக்கிற நிறுவனம்தான் உங்களுக்குச் சரியான நிறுவனம்.

உயர்தரப் பரீட்சை முடிந்து வீட்டில் இருக்கிறேன். பறவைக் கணக்கெடுப்பில் சேர ஆசை, ஆனால் கொக்கும் நீர்க்காகமும் தவிர ஒன்றும் தெரியாது. சேர்ப்பார்களா?
*(ஒரு வாசகர், நாவற்குழி)*

கட்டாயம் சேர்ப்பார்கள், தம்பி. 1987 இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது, அதில் கலந்துகொள்கிறவர்களில் கனபேர் உங்களைப் போன்ற தொண்டர்கள்தான். எண்ணத் தெரிந்த ஒருவர், எழுத ஒருவர், தொலைநோக்கியைத் தாங்கிப் பிடிக்க ஒருவர் என்று குழுவாகத்தான் போவார்கள், எனவே எழுதுகிறவராக ஆரம்பியுங்கள். யாழ். பல்கலைக்கழக விலங்கியல் துறையில் விசாரித்தால் இங்கே யார் போகிறார்கள் என்று தெரியவரும்.

அதற்கு முன் வீட்டுக்குப் பக்கத்திலேயே பழகலாம். நாவற்குழி, செம்மணி, வல்லை வெளி எல்லாம் தெருவில் நின்றே பார்க்கக்கூடிய இடங்கள். காலையில் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள், இல்லாவிட்டால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். முதலில் பத்துப் பறவை போதும்: நெடுங்கால் உள்ளான், ஆட்காட்டி, ஆலா, கூழைக்கடா, ஊசிவால் தாரா, இப்படி. பெருங்கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முயலாதீர்கள். முதலில் பத்தை எண்ணி அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவுக் கட்டங்களாக மிச்சக் கூட்டத்தை அளந்துகொண்டு போங்கள். நூறாக அளக்கிற பழக்கம் பிறகு வரும். பார்த்ததை இ-பேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுச் செயலியில் பதிந்தால் நாள், இடத்தோடு நிலைத்து நிற்கும், ஆய்வாளர்களும் எடுத்துப் பயன்படுத்துவார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். பூநாரை பறக்கிற படம் வேண்டும் என்பதற்காகக் கூட்டத்தை எழுப்பாதீர்கள், ட்ரோனும் விடாதீர்கள். வளைந்த அலகுடைய ஓர் உள்ளான் வகை சைபீரியாவின் வடகோடியில் முட்டையிட்டுவிட்டு இங்கே வருகிறது. ஏப்ரல் மட்டில் அந்தத் தூரத்தைத் திரும்பப் பறக்க அது உடம்பில் கொழுப்பு வைக்க வேண்டும், நீங்கள் ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அந்தக் கொழுப்பைத்தான் செலவழிக்கிறது.

ஆட்கள் ரீ-சேர்ட் போட்டுக்கொண்டு வந்து எங்களுக்கே கடலைப் பற்றி வகுப்பு எடுக்கிறார்கள். குப்பை அள்ளுகிறோம் என்று எங்கள் வலைத் துண்டுகளையும் அள்ளிப் போனார்கள், மூட்டைகளைக் கரையிலேயே விட்டுவிட்டார்கள். எங்களுக்கு இதனால் என்ன?
*(கடற்றொழிலாளர் ஒருவர், கொழும்புத்துறை)*

ஐயா, உங்கள் கோபம் நூற்றுக்கு நூறு நியாயம். இதைத் தொண்டுக்குப் போகிற எல்லோரும் வாசிக்க வேண்டும் என்றுதான் அப்படியே போட்டிருக்கிறேன்.

துப்புரவு நாள் வைக்கிறவர்கள் முதலில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தோடு கதைத்து, தொழிலுக்குப் போகாத நாளாகப் பார்த்து வைக்க வேண்டும். எது குப்பை, எது திரும்பத் தைக்கிற வலை என்று கரைக்காரர்தான் காட்ட வேண்டும். மூட்டை ஏற்ற உழவு இயந்திரம் வருமா என்று உள்ளூராட்சி சபையிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்க வேண்டும், அது வராத நாளில் அள்ளவே கூடாது. கரையில் ஒதுங்கும் சாதாளையையும் (கடற்புல்லையும்) குப்பை என்று வாரிக் கொண்டுபோகிறார்கள், அது எங்கள் ஆட்கள் காலங்காலமாகத் தோட்டத்துக்குப் பசளையாகப் போட்டது, கரையில் கிடந்தால் பூச்சியும் புழுவும் பிடித்துப் பறவைக்கு இரையும் ஆகும். செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகம் முழுக்க நடக்கும் கரையோரத் துப்புரவில் எடுத்த குப்பையை வகை பிரித்து எண்ணி எழுதுவார்கள். அந்த எழுத்து வேலையையாவது செய்யுங்கள், எந்தக் குப்பை எங்கிருந்து வருகிறது என்று அதை வைத்துத்தான் கேட்க முடியும்.

வகுப்பு விஷயத்தில் என் நிலைப்பாடு இதுதான்: பிள்ளைகளுக்குப் பரவைக்கடலைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் நீங்கள். மீன் பிடிக்கும் களங்கட்டி அடைப்பை எங்கே அடைப்பது, எந்தக் காற்றுக்கு இறால் எந்தப் பக்கம் போகும், எந்தச் சாதாளைப் படுக்கையில் மீன்குஞ்சு நிற்கும் என்பதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அப்படி உங்களைக் கூப்பிட்டால் அன்றைய உழைப்புக்கு ஈடான கூலியைக் கேட்டு வாங்குங்கள். விரிவுரையாளருக்குக் கொடுக்கிறார்கள்தானே.

எட்டு வயது மகளைக் களப்பயணத்துக்கு அனுப்பலாமா? பயமாக இருக்கிறது.
*(ஒரு தாய், வேலணை)*

அனுப்புங்கள், அக்கா. தொப்பி, தண்ணீர், காலை இறுக்கிப் பிடிக்கும் பழைய சப்பாத்து. தண்ணீருக்குள் இறங்குவதென்றால் காலைத் தூக்கி வைக்காமல் அரைத்து நடக்கப் பழக்குங்கள், திருக்கை கிடந்தால் விலகிப் போகும். கிளாலி, முகமாலைப் பக்கம் கூட்டிப்போவதாக இருந்தால், ஊர் ஆட்கள் நடக்கும் பாதையை விட்டு விலகக் கூடாது, மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இருந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது.

யாழ். கடல்நீரேரி பாதுகாக்கப்பட்ட இடமா?
*(ஒரு வாசகி, சுன்னாகம்)*

முழுவதும் இல்லை. கிழக்கே சுண்டிக்குளம் 1938 முதல் சரணாலயம், 2015 இல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் வடக்கிலிருந்து மன்னார் வங்காலை 2010 இல் சேர்ந்தது, எங்கள் கடல்நீரேரி அதில் இல்லை. அப்படி ஒரு பட்டியலுக்குக் கேட்பதென்றால் முதலில் கேட்கப்படுவது பல வருடப் பறவை எண்ணிக்கை, ஆகவே மேலே நாவற்குழித் தம்பிக்குச் சொன்னதை நீங்களும் செய்யலாம். பெப்ரவரி 2 உலக ஈரநில நாள். அன்று ஊர்வலம் வைப்பதை விட, அந்த வருடம் எழுதிய கொப்பிகளைப் பிரதேச செயலகத்தில் பிரதி எடுத்துக் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள்.