கணினிக்குப் படங்களை அடையாளம் காணக் கற்றுக்கொடுக்கும் முயற்சி ஆரம்பத்தில் எப்படி நடந்தது?

1950களின் கடைசியில் பலர் பல விதமாக முயன்றார்கள். எனக்குப் பிடித்தது பிராங்க் ரோசன்பிளாட்டின் பெர்செப்ட்ரான். மூளை நரம்புகளை முன்மாதிரியாக வைத்து, தன் தப்புகளைத் திருத்தித் திருத்திக் கற்கும் அமைப்பு அது. ரோசன்பிளாட் பொறியாளர் அல்ல, உளவியல் படித்தவர். வேலை பார்த்தது அமெரிக்காவின் பஃபலோ நகரில், கார்னெல் விமானவியல் ஆய்வுக்கூடத்தில். செலவுக்குப் பணம் கடற்படை கொடுத்தது.

1958 ஜூலையில் ஐபிஎம் 704 கணினியில் ஒரு சோதனையைச் செய்துகாட்டினார்கள். அட்டையில் குறி இடப்பக்கமா, வலப்பக்கமா? அதைச் சொன்னால் போதும். ஐம்பது தடவை பார்த்த பிறகு கணினி சரியாகப் பிரித்துச் சொன்னது. உடனே நியூயார்க் டைம்ஸ், நாளைக்கு இது எழுந்து நடக்கும், பேசும், தன்னையே இன்னொன்றாகப் பெருக்கிக்கொள்ளும் என்றெல்லாம் கடற்படை எதிர்பார்ப்பதாக எழுதியது. இடம் வலம் சொன்னதற்கா இத்தனை!

அப்புறம் இதற்கென்றே கட்டிய மார்க் 1 என்ற இயந்திரம்தான் உண்மையில் பார்க்க வேண்டிய பொருள். அதன் கண், 20-க்கு 20 என்று அடுக்கிய 400 ஒளி உணரிகள். அவற்றிலிருந்து, நரம்பணு மாதிரி வேலை செய்யும் 512 அலகுகளுக்கு வயர்கள் போகும், அதுவும் வேண்டுமென்றே கன்னாபின்னாவென்று. மூளை நரம்புகளை யாரும் வரைபடம் போட்டு இணைக்கவில்லையே என்பது ரோசன்பிளாட்டின் எண்ணம். ஒவ்வொரு அலகின் சொல்லுக்கும் எவ்வளவு மதிப்பு என்பதை, ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் மாதிரி ஒன்று முடிவு செய்யும். விடை சரியென்றால் எதையும் தொடுவதில்லை. தப்பென்றால் சின்ன மோட்டார்கள் குமிழ்களைக் கொஞ்சம் திருப்பிவிடும். அது கற்றதெல்லாம் குமிழ்கள் நின்ற நிலையில்தான் இருந்தது. ஆங்கில எழுத்துகளை இப்படித்தான் பழகியது.

1969-இல் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள் மார்வின் மின்ஸ்கியும் சீமோர் பேப்பர்ட்டும் எழுதிய புத்தகம்தான் இதைக் கொன்றது என்பார்கள். பாதிதான் உண்மை. இப்படிக் குமிழ்களின் ஓர் அடுக்கு மட்டும் கற்றால் எதெல்லாம் முடியாது என்று அவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பல அடுக்கு வேண்டும் என்பது ரோசன்பிளாட்டுக்கும் தெரியும். உள் அடுக்குகளைத் திருத்த நல்ல வழி அன்று கைவசம் இல்லை, அதுதான் சிக்கல். பிழையைப் பின்னோக்கிப் பரப்பித் திருத்தும் முறை பரவலானது 1986-க்குப் பிறகே.

பைத்தான் என்ற நிரல் மொழி தெரிந்தால் ஒரு பெர்செப்ட்ரானை இருபது முப்பது வரியில் நீங்களே எழுதிப் பார்க்கலாம். 'ட'வையும் 'ப'வையும் ஒரே இடத்தில் வைத்துக் காட்டுங்கள், சட்டென்று பிடித்துக்கொள்ளும். பிறகு அதே எழுத்தைக் கட்டத்துக்குள் வேறு மூலைக்கு நகர்த்திக் காட்டுங்கள், திணற ஆரம்பிக்கும்.