மருந்துக்கடை அக்கா பதில்கள்: எம்.எஸ். குளிசையும் ஈரல் ரிப்போட்டும்

கேள்வி: அக்கா, தங்கைக்கு 29 வயது. போன வருடம் ஒரு கண் மங்கி, பிறகு இடது கால் விறைத்துப்போய், எம்.எஸ். (மல்ரிப்பிள் ஸ்கிளிரோசிஸ்) என்று கண்டுபிடித்தார்கள். எதிர்ப்புச் சக்தியே நரம்பின் மேலுறையை அரிக்கும் வருத்தம் என்றார்கள். கொழும்பு வைத்தியர் எழுதிய டெரிஃப்ளூனோமைட் 14 மில்லிகிராம் குளிசை தொடங்கி இரண்டு மாதம். இந்த மாத இரத்த ரிப்போட்டில், ஈரல் கெடுகிறதா என்று காட்டும் எஸ்.ஜி.பி.ரி. 96, 40 வரை இருக்கலாமாம். ஆள் நல்ல சுகமாகத்தான் இருக்கிறாள். ஈரல் சுத்தமாகும் என்று அம்மா ஒரு மாதமாக சீந்தில் கசாயம் கொடுக்கிறா. இப்போது குளிசையை விடச் சொல்கிறா. விடலாமா?
— ஒரு அண்ணன், உப்புவெளி

பதில்: தம்பி, இன்றைக்கே அந்த ரிப்போட்டைப் படமெடுத்து வைத்தியருக்கு அனுப்புங்கள். கசாயம் கொடுத்ததையும் மறைக்காமல் எழுதுங்கள். கசாயம் இன்றோடு போதும். குளிசையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை அவர் சொல்லட்டும்.

96 என்பது மேல் எல்லையின் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது, மூன்று மடங்கை எட்டவில்லை. இந்தக் குளிசைக்கு ஐரோப்பாவில் வைத்திருக்கும் விதிப்படி, இந்த அளவில் வாரத்துக்கு ஒரு தடவை இரத்தம் பார்க்கவேண்டும். மூன்று மடங்கு தாண்டியது திரும்பச் சோதித்தும் உறுதியானால், நிறுத்துவதா என்று யோசிக்கவேண்டும். ஆகவே அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு வாரத்துக்குள், அதே ஆய்வுகூடத்தில், செங்கமாரியில் ஏறும் மஞ்சள் பொருளான பிலிருபினையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் அது அவசரம். சுகமாக இருக்கிறாள் என்கிறீர்கள், சந்தோசம். ஆனால் ஈரல் நோகாமலே கெடக்கூடியது. அதனால்தான் முதல் 6 மாதமும் குறைந்தது 4 வாரத்துக்கு ஒருக்கால் பார்க்கச் சொல்கிறார்கள்.

இன்னொன்று. இந்தக் குளிசையை விட்டால் மருந்தும் உடனே உடம்பை விட்டுப் போய்விடும் என்று அம்மா நினைக்கிறா போல. போகாது. அது பித்தத்தோடு குடலுக்கு வந்து, அங்கிருந்து திரும்பவும் இரத்தத்துக்கு ஏறும். இப்படிச் சுற்றிச் சுற்றி மாதக்கணக்கில் நிற்கும், சிலருக்கு 2 வருடம் வரைக்கும். கெதியாக வெளியேற்ற வேண்டுமென்றால் கொலெஸ்ரிரமீன் தூளோ, மருந்துக்கரியோ 11 நாள் கொடுப்பார்கள். அது குடலிலேயே மருந்தைப் பிடித்துக்கொள்ளும். வைத்தியர் சொல்லித்தான் செய்யவேண்டும். தங்கைக்குப் பிள்ளை பெறும் யோசனை இருந்தால் அதையும் இப்போதே சொல்லுங்கள். கருவுக்கு ஆகாத மருந்து இது.

இனி சீந்தில். அம்மாவின் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 2021இல் மும்பை வைத்தியர்கள், சீந்தில் குடித்துவந்த சிலருக்கு ஈரல் வீங்கிச் செங்கமாரி வந்ததை எழுதி வெளியிட்டார்கள். சீந்தில் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டக்கூடியது. தங்கையின் குளிசையோ அதை அடக்கக் கொடுப்பது. இந்த 96 குளிசையால் வந்ததா, கசாயத்தால் வந்ததா என்று இப்போது யாருக்கும் பிரித்துச் சொல்லமுடியாது. எனக்கு அதுதான் கவலை.

வீட்டில் உள்ள மற்ற மருந்தையும் பாருங்கள். நான் கவுண்டரில் நின்ற காலத்தில் ஒரு அம்மா சொப்பிங் பை நிறையக் குளிசை கொண்டுவந்தா. வெள்ளைக் கடதாசியில் கொட்டி, அட்டை அட்டையாகப் பேர் வாசித்தோம். தலையிடிக்கு பனடோல், தடிமனுக்கு ஒன்று, மூட்டுநோவுக்கு ஒன்று. மூன்றிலும் பரசிற்றமோல். நாளுக்கு 4 கிராமுக்கு மேல் போகக்கூடாத மருந்து, தெரியாமலே 5 கிராம் போய்க்கொண்டிருந்தது. தங்கையின் ஈரல் இருக்கும் நிலையில் பனடோல்கூட வைத்தியரைக் கேட்டுத்தான்.

சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனால், சாப்பாடு அருவருத்தால், வலது விலாவின் கீழ் நொந்தால், கண் மஞ்சளித்தால், அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கண்ணை யன்னலடியில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் பல்ப்பின் கீழே ஒன்றும் தெரியாது.

கேள்வி: எனக்கும் எம்.எஸ். ரிட்டுக்சிமாப் என்ற மருந்தை ஏற்றுவதற்கு முதல் ஹெப்பற்றைற்றிஸ் பி பார்க்கவேண்டுமாம். எனக்குச் செங்கமாரி வந்ததே இல்லை. வீண்செலவுதானே?
— ஒரு சகோதரி, மூதூர்

பதில்: வீண்செலவு இல்லை, தங்கச்சி. அந்தக் கிருமி செங்கமாரி காட்டாமலே வந்து, ஈரலுக்குள் பல வருடம் உறங்கிக் கிடக்கும். ரிட்டுக்சிமாப் அதைக் காவல் காக்கும் செல்களைக் குறைத்துவிடும். கிருமி விழித்தால் ஈரலையே கொண்டுபோகலாம். எம்.எஸ்.ஸுக்கு ஏற்றும் இன்னொரு மருந்தான ஓக்ரெலிசுமாபுக்கும் இதே சோதனைதான். கிருமி இப்போது இருக்கிறதா என்பதற்கு ஒன்று, முன்பு வந்துபோனதா என்பதற்கு ஒன்று என இரண்டு சோதனை. இரண்டின் முடிவையும் கிளினிக் கொப்பியில் ஒட்டிக்கொண்டு மருந்தேற்றப் போங்கள்.