கட்டிலை நகர்த்திவிட்டுக் கேட்ட கேள்வி

கேள்வி: தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வயது 61. தகப்பன் இல்லாத என்னை, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஐந்தாம் படிவம் வரை படிக்க வைத்தவர் என் அம்மா. இப்போது என் நாட்டமெல்லாம் ஆன்மிகத்தில்தான். வேதாந்தமும் சைவ சித்தாந்தமும் படிக்கிறேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மகா விகாரையில் பௌத்தச் சொற்பொழிவுகள் கேட்டிருக்கிறேன். சென்னை அடையாற்றிலிருந்து பிரம்மஞான சபை (தியசாபிகல் சொசைட்டி) நூல்களும் தருவித்தேன். இந்து சமயம் சொல்லும் முக்தி, பௌத்தம் சொல்லும் நிர்வாணம், பிரம்மஞானிகள் சொல்லும் விடுதலை மூன்றும் ஒன்றுதானா? எது மேலானது? சேமநிதிப் பணத்தில் பாதியை வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத் திருவண்ணாமலையில் தங்கிவிட நினைக்கிறேன். மனைவி சம்மதிக்கவில்லை. வீட்டிலோ தியானம் கூடுவதில்லை. அம்மா இரண்டு மாதமாக இரவெல்லாம் இருமுகிறார் என்று அவர் கட்டிலைப் பின்னால் அடுப்படிப் பக்கம் மாற்றினோம். அப்படியும் சத்தம் கேட்கிறது. பற்றை அறுக்க வழி சொல்லுங்கள்.
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, நீங்கள் அனுப்பிய நான்கு பக்கக் கடிதத்தைத்தான் மேலே சுருக்கித் தந்திருக்கிறேன். அம்மாவின் கட்டில் அதில் ஒரே வரியில் வந்து போகிறது. என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. இருந்தாலும் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

மூன்றும் ஒன்றல்ல. இந்து சமயத்துக்குள்ளேயே கூட ஒரே முக்தி கிடையாது. நீ என்றும் பிரம்மமே, அறியாமை விலகினால் போதும், இந்த உடல் இருக்கும்போதே விடுதலை வாய்க்கும் என்பது அத்வைத வேதாந்தம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் வகுத்த சைவ சித்தாந்தம் அதை ஏற்காது. அதன்படி உயிர் வேறு, இறைவன் வேறு. ஆணவம், கன்மம், மாயை என்ற கட்டுகள் திருவருளால் நீங்க, உயிர் அவன் திருவடியில் பிரிவின்றிக் கலந்து நிற்கும். புத்தரோ நிலையான ஆன்மா என்ற ஒன்றையே ஒப்பவில்லை. ஆசையும் வெறுப்பும் மயக்கமும் அவிந்துபோவதைத்தான் அவர் நிர்வாணம் என்றார்.

பிரம்மஞான சபையை 1875இல் நியூயார்க்கில் தொடங்கியவர்கள் பிளாவட்ஸ்கி அம்மையாரும் ஆல்காட்டும். 1882இல் தலைமையகம் அடையாற்றுக்கு வந்தது. அம்மையார் 1889இல் வெளியிட்ட ‘மௌனத்தின் குரல்’ உங்களிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். நிர்வாணத்தின் வாசல்வரை போனவன் அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளாமல், துன்பப்படுகிற உயிர்களுக்காகத் திரும்பி வருவதையே அந்த நூல் உயர்ந்த வழி என்கிறது. மகாயான பௌத்தத்தின் போதிசத்துவரும் அப்படிப்பட்டவர்தான். ஆல்காட் தியானத்தோடு நின்றுவிடவில்லை. 1894இல் சென்னையில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்.

எது மேலானது என்று தீர்ப்பு எழுத எனக்குத் தகுதி இல்லை. ஆனால் சைவர் ஆணவம்தான் மூல மலம், உயிரின் முதல் அழுக்கு என்கிறார். பௌத்தர் ‘நான்’ என்பதே மயக்கம் என்கிறார். பிளாவட்ஸ்கி, தான் மற்ற உயிர்களிலிருந்து தனி என்று நினைப்பதைக் கொடிய பிழை என்கிறார். எந்த வாசலில் போய் நின்றாலும் முதலில் கழற்றச் சொல்வது அந்த ‘நானை’த்தான்.

இனிக் கட்டிலுக்கு வருவோம்.

அடுப்படிப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். மிளகாய் தாளிக்கிற நெடியில், விடிகாலையில் பாத்திரம் உருளும் சத்தத்தில், நெஞ்சுச் சளியோடு ஒரு கிழவி படுத்திருக்கிறார். இருமல் குறைவதற்காகவா அவரை அங்கே போட்டீர்கள்? உங்கள் காதுக்கு எட்டாமல் இருப்பதற்காகப் போட்டீர்கள். பற்றை அறுக்க வழி கேட்கிறீர்கள். தியானம், நூல்கள், திருவண்ணாமலை என்று உங்கள் பற்றெல்லாம் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் அறுக்கப் பார்ப்பது கடமையை.

பால்மரம் வெட்டினார் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்கள். கிராணியாக இருந்தவருக்கு அந்த வேலை தெரியாதா? விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு நிற்க வேண்டும். இருட்டில் நெற்றி விளக்கோடு நிரையில் இறங்கி, மரம் மரமாகப் பட்டையை மெல்லிசாகச் சீவி, மங்குக் கிண்ணத்தில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்துச் சுமந்து வர வேண்டும். கைப்பிள்ளையை அதற்கு முன்பே ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போக வேண்டும். அன்று உங்கள் அழுகை தன் வேலைக்கு இடைஞ்சல் என்று அந்த அம்மா உங்களைக் கண்காணாத மூலைக்குத் தள்ளிவிடவில்லை.

விகாரையில் இதைச் சொன்னார்களோ, என்னவோ. பிக்குகளுக்கான விநய நூலில் இருக்கிறது. வயிற்றுப்போக்கால் தன் மலத்திலேயே கிடந்த ஒரு பிக்குவைப் புத்தர் பார்த்தார். ஏன் உன்னை யாரும் கவனிக்கவில்லை என்று கேட்டார். மற்றவர்களுக்கு என்னால் ஒரு உபயோகமும் இல்லை, அதனால் என்றார் அவர். புத்தர் தம் சீடர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, தாமே நீர் ஊற்ற, ஆனந்தர் கழுவ, இருவருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். என்னைப் பேண நினைக்கிறவர் நோயாளியைப் பேணட்டும் என்று மற்ற பிக்குகளைக் கூட்டிச் சொன்னார். நிர்வாணம் எட்டியவர் ஐயா அவர். அவருக்கு இடைஞ்சலாகத் தெரியாத நோயாளி உங்களுக்கு இடைஞ்சல்.

துறவிகளைக் காட்டி நீங்கள் வாதாடுவீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். எல்லாவற்றையும் உதறிய பட்டினத்தார் தாய் இறந்ததும் சுடுகாட்டுக்கு வந்து தீ மூட்டினார். சந்நியாசிக்கு விலக்கு என்று ஊரார் தடுத்தும் ஆதிசங்கரர் காலடியில் தன் தாய்க்குக் கடன் செய்தார் என்பது வழிவழி வந்த செய்தி. இத்தனைக்கும் அவர்கள் துறந்து போனவர்கள். நீங்கள் இன்னும் மனைவி சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் மனைவியைத் தடையாக எழுதியிருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் போனபின் இரவில் எழுந்து அம்மாவுக்கு வெந்நீர் வைக்கப் போகிறவர் அவர்தான். இப்போதும் அவர்தான் வைக்கிறார் என்றே நினைக்கிறேன். நீங்கள் வைப்பதாக நான்கு பக்கத்தில் எங்கும் காணோம்.

இந்தப் பக்கத்தைப் படித்ததும் கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டு வாருங்கள். காற்று வரும் ஜன்னல் பக்கம் போடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காத இருமலுக்குக் காசநோய்ச் சோதனை செய்ய வேண்டும். அம்மாவுக்கு இரண்டு மாதமாகிறது. நாளைக் காலை அரசாங்க கிளினிக்குக்கு நீங்களே அழைத்துப் போங்கள். மகனையோ மருமகளையோ அனுப்பாதீர்கள். சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இரவில் அவர் இருமும்போது எழுந்துபோய் முதுகைத் தடவிக் கொடுங்கள். சேமநிதிப் பணத்தை அதுவரை யாருக்கும் பிரிக்க வேண்டாம். திருவண்ணாமலை பற்றி மறுபடி எழுதுவதானால், அம்மாவைப் பார்த்த டாக்டர் என்ன சொன்னார் என்பதை அந்தக் கடிதத்தின் முதல் வரியில் எழுதுங்கள்.