அலாரம் அடிக்கவில்லையா, நீங்களே அணைத்துவிட்டீர்களா?

கேள்வி: போனில் ஐந்து நிமிட இடைவெளியில் ஆறு அலாரம் வைக்கிறேன். எழுந்து பார்த்தால் ஆறும் அணைந்து கிடக்கின்றன. அடித்ததே நினைவில் இல்லை. தனியாக ஓர் அலாரம் கடிகாரம் வாங்கினால் சரியாகுமா? எதை வாங்கலாம்?

பதில்: கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு சின்ன விசாரணை வேண்டும். நேரத்துக்கு எழ முடியாமல் போவது மூன்று விதம். அலாரம் அடிக்கவே இல்லை. அடித்தது, காதில் விழவில்லை. அடித்தது, காதில் விழுந்தது, நீங்களே அணைத்துவிட்டீர்கள். முதல் இரண்டுக்கும் கடையில் மருந்து கிடைக்கும். மூன்றாவதற்குக் கட்டிலிலிருந்து கடிகாரம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் மருந்து. ஆறும் அணைந்து கிடக்கின்றன என்றால் யாரோ அணைத்திருக்க வேண்டும். அந்த அறையில் நீங்கள் தனியாகத்தான் தூங்குகிறீர்கள் என்றால் ஆள் அகப்பட்டாயிற்று.

நினைவில் இல்லை என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்பினால் மூளை ஒரே மூச்சில் விழித்துக்கொள்வதில்லை. அந்த மந்தம் பதினைந்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் வரை இருக்கும். முந்தின இரவுகளில் தூக்கம் கெட்டிருந்தால் இன்னும் நீளும். அந்த நேரத்தில் கை நன்றாகவே வேலை செய்யும், நல்லது கெட்டது யோசிக்கிற பகுதிதான் செய்யாது. தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும் போனை அணைக்கக் கை மட்டும் போதுமே.

ஆறு அலாரம் வைப்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. முதல் ஐந்தும் பொய் என்று நாலே நாளில் பழகிவிடும். ஆறாவது உண்மை என்று தூக்கத்தில் யார் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்? ஒரே ஓர் அலாரம், நிஜமாகவே எழ வேண்டிய நேரத்துக்கு, எழுந்து நாலு எட்டு வைத்தால்தான் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்துவிட்டு, அப்புறம் கடைக்குப் போகலாமா என்று பார்க்கலாம்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் கடையில் கண்ணை மூடிக்கொண்டு கடிகாரத்தின் தலையில் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நல்ல கடிகாரத்தில் தலைமேல் இருக்கும் அகலமான பொத்தான் ஸ்னூஸாக மட்டும் இருக்கும், அதாவது சத்தத்தைச் சில நிமிடம் நிறுத்திவைத்து மறுபடி அடிக்கவிடும். ஒரேயடியாக நிறுத்தும் பொத்தான் முதுகிலோ விலாவிலோ, தேடினால்தான் அகப்படும் இடத்தில் இருக்கும். சில மாடல்களில் தலையில் தட்டினாலே அலாரம் அன்றைக்கு முழுக்க ஓய்ந்துவிடும். உங்களுக்கு அது ஆகவே ஆகாது. ஸ்னூஸ் பழைய சங்கதிதான். 1956-லேயே ஜெனரல் எலக்ட்ரிக்கின் டெலிக்ரான் கடிகாரத்தில் வந்துவிட்டது. இன்றும் பல கடிகாரங்களிலும் ஐபோனிலும் நாம் மாற்றாதவரை ஒன்பது நிமிடம்தான். அந்த ஒன்பது நிமிடத் தூக்கத்தில் உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் சேராது.

மேசையிலிருந்து குதித்து ஓடி ஒளிந்துகொள்ளும் சக்கரம் வைத்த கடிகாரம்கூட உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் படித்த கௌரி நந்தா செய்த ‘க்ளாக்கி’ அது. 2005-ல் சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் இக் நோபல் பரிசை வாங்கியது, அதுவும் பொருளாதாரத்துக்கு! குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அதில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவதும் தூரத்தைத்தான். அறையின் மறுகோடியில் ஒரு சாதாரணக் கடிகாரத்தை வைத்தால் அதே வேலை நடக்கும்.

கேள்வி: மின்சாரத்தில் ஓடும் டிஜிட்டல் கடிகாரம் வாங்கினேன். பெட்டியில் ‘பேட்டரி பேக்கப்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. நடுராத்திரி போன மின்சாரம் விடிந்த பிறகுதான் வந்தது. வந்ததும் நேரத்தைச் சரியாகக் காட்டியது. ஆனால் அலாரம் அடிக்கவில்லை. இது ஏமாற்று வேலைதானே?

பதில்: இதே பாடத்தை நானும் ஒரு ரயிலைத் தவறவிட்டுக் கற்றுக்கொண்டேன். விழித்துப் பார்த்தபோது கடிகாரத்தின் முகம் கறுப்பாக இருந்தது, ஜன்னலில் நல்ல வெளிச்சம்.

‘பேக்கப்’ என்ற சொல்லுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி அர்த்தம் மாறும். பல கடிகாரங்களில் உள்ளே இருப்பது காசு அளவு பட்டன் செல். நேரத்தையும் அலாரம் வைத்த நேரத்தையும் மறக்காமல் வைத்திருப்பதோடு அதன் வேலை முடிந்தது. எண்களை எரியவிடவோ சத்தம் போடவோ அதற்குத் தெம்பு இல்லை. வேறு சில மாடல்களில் பென்சில் செல் போட்டால் மின்சாரம் இல்லாதபோதும் அலாரம் அடிக்கும். இரண்டு பெட்டியிலும் அச்சாகியிருப்பது அதே இரண்டு வார்த்தைதான்.

ஆகவே கடைக்காரரிடம் “பேக்கப் இருக்கிறதா?” என்று கேட்காதீர்கள், இருக்கிறது என்பார், அது பொய்யும் இல்லை. “மின்சாரம் இல்லாதபோது அலாரம் அடிக்குமா?” என்று கேளுங்கள். இரண்டு நிமிடம் கழித்து அடிக்கும்படி வைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கேயே நின்று பாருங்கள். அடிக்கும் என்று அவர் வாயால் சொன்னதைப் பில்லிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது. உங்கள் விஷயத்தில் பெட்டியையும் கையேட்டையும் எடுத்துப் பாருங்கள். மின்சாரம் போனாலும் அலாரம் அடிக்கும் என்று எங்காவது அச்சிட்டிருந்தால் பில்லோடு போய் மாற்றித் தரச் சொல்லலாம். நினைவகத்துக்கு மட்டும் என்று பொடி எழுத்தில் இருந்தால் வழக்கு கொஞ்சம் பலவீனம்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மின்சாரத்தில் ஓடும் கடிகாரங்களில் சில, மின்கம்பியில் வரும் அலையை எண்ணித்தான் நேரம் கணக்கிடுகின்றன, நொடிக்கு 50 அல்லது 60 என்று. 2018 தொடக்கத்தில் செர்பியாவுக்கும் கொசோவோவுக்கும் மின்சாரம் தொடர்பாக ஒரு தகராறு வந்தது. ஐரோப்பிய மின்வலையில் அலைகளின் எண்ணிக்கை 50-க்குச் சற்றே குறைந்து, மார்ச் மாதத்துக்குள் பல நாடுகளில் அடுப்புக் கடிகாரமும் ரேடியோ கடிகாரமும் கிட்டத்தட்ட ஆறு நிமிடம் பின்தங்கிவிட்டன. செல் போட்ட சுவர்க் கடிகாரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றுக்குள் நொடிக்கு 32,768 தடவை அதிரும் குவார்ட்ஸ் துண்டு இருக்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து தடவை பாதியாக்கினால் ஒன்று வரும், நொடிக்கு ஒரு துடிப்பு. மாதத்துக்கு 15, 20 நொடி முன்னே பின்னே போகும், அவ்வளவுதான்.

கேள்வி: முள் வைத்த மேசைக் கடிகாரம். தினமும் படுக்கும்போது 5 மணிக்கு அலாரம் வைக்கிறேன். ஒரு நாள் 4.50-க்கு அடிக்கிறது, ஒரு நாள் 5.05-க்கு. போதாக்குறைக்கு மாலை 5-க்கும் அடிக்கிறது. மாற்றிக் கேட்கலாமா?

பதில்: மாலையில் அடிப்பது பழுது இல்லை. பன்னிரண்டு மணி நேர வட்டம்தானே, காலையா மாலையா என்று அதற்கு எப்படித் தெரியும்? எழுந்ததும் பின்னாலுள்ள ஸ்விட்சைத் தள்ளி அணைத்துவிட்டு, படுக்கும்போது மறுபடி போடுங்கள்.

நேரம் முன்னே பின்னே போவதற்குக் காரணம், அலாரம் முள்ளை நீங்கள் தினமும் திருப்புவது. அந்தக் குட்டி முள் ஒரு மணி நேரத்துக்கு நகர்வது 30 டிகிரி. ஐந்து நிமிடம் என்பது இரண்டரை டிகிரி. முள்ளின் தடிமனே கிட்டத்தட்ட அவ்வளவு வரும். எவ்வளவு கூர்ந்து பார்த்து வைத்தாலும் ஐந்து பத்து நிமிடம் பிசகும்.

ஒரே ஒரு தடவை உட்கார்ந்து சரிசெய்யலாம். அலாரம் முள்ளை 5-ல் வைத்துவிட்டு, நேரம் மாற்றும் திருகைத் திருப்பி 4.30-க்குக் கொண்டுவந்து மெல்ல முன்னே நகர்த்துங்கள். சத்தம் கிளம்பும்போது பெரிய முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பத்தில் நின்றால், அதாவது 4.50 என்றால், அலாரம் முள்ளை 5-க்கு மேல் ஒரு மயிரிழை தள்ளிவிட்டு மறுபடி சோதியுங்கள். சரியாக வந்த பிறகு அந்த முள்ளைத் தொடவே வேண்டாம், ஸ்விட்ச் மட்டும் போதும். திருகுக்குப் பக்கத்தில் அம்புக்குறி இருந்தால் அந்தத் திசையில் மட்டும் திருப்புங்கள். எதிர்ப்பக்கம் அழுத்தித் திருப்பினால் உள்ளே பல் தேய்ந்துவிடும், அப்புறம் வாரண்டியும் பேசாது. முள்ளைத் தொடாமலே நாளுக்கு நாள் மாறினாலோ, இருபது நிமிடத்துக்கு மேல் தவறினாலோ, பில்லை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

செல்லையும் கவனியுங்கள். முள் நகர்வதற்கு வேண்டியதைவிட அலாரம் அடிக்க அதிக மின்சாரம் வேண்டும். செல் தளரும்போது கடிகாரம் ஒழுங்காக ஓடிக்கொண்டே இருக்கும், அலாரம் மட்டும் கொசு மாதிரி முனகும். நொடி முள் ஒரே இடத்தில் துடிக்க ஆரம்பித்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு எழுபத்தைந்து வயது. மாத்திரைக்காக அலாரம் வைக்கிறார். அடுத்த அறையில் இருக்கும் எனக்குக் கேட்கிறது, பக்கத்தில் இருக்கும் அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாக அடிப்பது எங்கே கிடைக்கும்?

பதில்: சத்தத்தைக் கூட்டினால் முதலில் எழுந்து உட்காரப்போவது நீங்கள்தான். வயதாகும்போது காது முதலில் இழப்பது கீச்சென்ற மெல்லிய ஒலிகளை. டிஜிட்டல் கடிகாரத்தின் ‘பீப் பீப்’ அந்த ரகம்தான். புகை எச்சரிக்கைக் கருவிகளை வைத்து நடந்த சோதனைகளில், 3,000 ஹெர்ட்ஸ் அளவிலான வழக்கமான கீச்சொலியைவிட 520 ஹெர்ட்ஸில் வரும் தடித்த ஒலிதான் தூங்குகிறவர்களை நன்றாக எழுப்பியது. அமெரிக்காவில் தூங்கும் அறைகளுக்கான தீ எச்சரிக்கை விதியிலேயே இந்த 520 இடம்பெற்றிருக்கிறது. எனவே தடித்த குரலில் ஒலிக்கும் கடிகாரமாகப் பாருங்கள். முடிந்தால் அப்பாவையே கடைக்கு அழைத்துப் போய் அவர் காதால் தேர்ந்தெடுக்க விடுங்கள். காது கேட்கும் கருவி போடுபவர் என்றால், அதைக் கழற்றி வைத்த பிறகு கேட்டுப் பார்க்க வேண்டும், தூங்கும்போது அதைப் போட்டிருக்க மாட்டாரே.

அதுவும் பலிக்கவில்லை என்றால் தலையணைக்கு அடியில் வைக்கும் அதிர்வுத் தட்டோடு வரும் அலாரம் இருக்கிறது. வீட்டில் மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

கேள்வி: என் மனைவி வீட்டுக் கடிகாரங்களைப் பத்து நிமிடம் கூட்டி வைக்கிறார். அப்போதுதான் நேரத்துக்குக் கிளம்பலாமாம். இதில் பலன் உண்டா?

பதில்: முதல் மூன்று நாள் உண்டு. அப்புறம் எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்ததும் பத்தைக் கழித்துக்கொள்வார்கள், விருந்தாளி மட்டும் பதறி எழுந்து ஓடுவார். உங்கள் வீட்டில் போன் சரியான நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்போது சுவர்க் கடிகாரத்தின் பேச்சு எடுபடாது. ஆனால் இதை நான் எழுதியதாக வீட்டில் காட்டி வம்பை வளர்க்க வேண்டாம்.

கேள்வி: பழைய பொருள் விற்பவரிடம் சாவி கொடுக்கும் அலாரம் கடிகாரம் ஒன்றைப் பார்த்தேன். எண்களில் பச்சை கலந்த பழுப்புப் பூச்சு. ரேடியம் என்றார், ஆனால் இருட்டில் ஒளிரவில்லை. பூச்சு செத்துவிட்டதால் பயமில்லை என்கிறார். வாங்கலாமா?

பதில்: செத்தது ஒளிதான், ரேடியம் அல்ல. ரேடியத்தின் கதிர் பட்டு ஒளிர்வதற்காகக் கலந்த துத்தநாக சல்ஃபைடு சில பத்தாண்டுகளில் தேய்ந்துவிடும். ரேடியம்-226 பாதியாகக் குறையவே 1,600 ஆண்டு ஆகும். அது உண்மையிலேயே ரேடியம் என்றால் கண்ணாடியைக் கழற்றாமல், பூச்சைச் சுரண்டாமல் இருப்பது முக்கியம். பொடி மூச்சோடு உள்ளே போவதுதான் ஆபத்து. கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் தொடாதீர்கள். படுக்கையறைக்கு எப்படியும் வேண்டாம்.

இப்போது வரும் கடிகாரங்களில் ஒளிரும் முள்ளுக்குப் பேச்சுவழக்கில் ரேடியம் என்று பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதே தவிர, பெரும்பாலும் அது வெளிச்சத்தை வாங்கிவைத்துத் திருப்பித் தரும் பூச்சுதான். கதிர்வீச்சு கிடையாது. விளக்கை அணைத்ததும் பளிச்சென்று இருக்கும், விடியற்காலை நாலு மணிக்கு மங்கிப்போயிருக்கும். அந்நேரத்தில் மணி பார்ப்பவர் என்றால் தட்டினால் எரியும் விளக்கு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.