இந்தோ-பசிபிக்கும் இழுவைமடியும்

அன்புள்ள ஐயா,

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கலைக் கல்லூரியில் அரசியல் அறிவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பாக் நீரிணை மீனவர் பிரச்சினையில் முனைவர் பட்டம் வாங்கினேன். அமெரிக்காவில் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் சர்வதேச விவகார மையத்துக்கு ஓராண்டு வருகை ஆய்வாளராகப் போக ஆசை. எங்கே விண்ணப்பித்தால் கிடைக்கும்? வயது 39 ஆகிவிட்டது. ஆங்கிலம் எழுதுவேன், பேசத்தான் திணறல். பரிந்துரைக் கடிதம் தர டெல்லியில் யாரையும் தெரியாது. திட்டக் குறிப்பை இணைத்திருக்கிறேன். தலைப்பு: 'இந்தோ-பசிபிக்கில் இந்திய–அமெரிக்க வியூகக் கூட்டுறவு: சவால்களும் வாய்ப்புகளும்'. மீனவர் விஷயத்தை உள்ளூர்ச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுவார்கள் என சீனியர் ஒருவர் சொன்னதால் மாற்றிவிட்டேன். படகுகள் கடலுக்குப் போக மீன்வளத்துறை அனுமதி டோக்கன் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்து எடுத்த குறிப்புகள் நோட்டு நோட்டாக இருக்கின்றன. இனி அவை பயன்படாது என்று நினைக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்,

உங்கள் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் பாதி உங்களுக்கு, மீதி அந்தச் சீனியருக்கு. அவரிடம் சொல்லிவிடுங்கள்.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். வயதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. இந்த மாதிரி மையங்களுக்கு நரைத்த தலைகள் நிறைய வரும். ஆங்கிலம் அங்கே போனால் வரும். வராவிட்டாலும் யாரும் செத்துப்போவதில்லை. பரிந்துரைக்கு டெல்லி எதற்கு? உங்களைத் தெரியாத பெரிய மனிதர் எழுதும் ஒரு பக்கத்தைவிட, உங்களோடு கடற்கரையில் அலைந்த நெறியாளர் எழுதும் ஒரு பத்தி மேல்.

அந்தத் திட்டக் குறிப்புக்கு வருகிறேன். முழுதாகப் படித்தேன். ஒரு தப்பு இல்லை. நீங்களும் அதில் இல்லை.

சில வாரங்களாக இந்த வருகை ஆய்வாளர் விவகாரமே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. காரணம், பிற்பாடு தென்கொரிய ஜனாதிபதி ஆன கிம் டே-ஜுங். ஹார்வர்டில் சர்வதேச விவகார மையத்தை 1958இல் தொடங்கினார்கள். ராபர்ட் போவி இயக்குநர், ஹென்றி கிஸிஞ்சர் அவருக்கு அடுத்த இடத்தில். பனிப்போர்க் காலத்து நிறுவனம். வியட்நாம் போர் நடந்தபோது, 1970இல், போரை எதிர்த்தவர்கள் அதன் கட்டடத்தில் குண்டு வைத்தார்கள். நல்ல வேளை, யாருக்கும் காயமில்லை. இப்போது அதற்கு வெதர்ஹெட் மையம் என்று பெயர். பல நாட்டுத் தூதரக அதிகாரிகள், ராணுவ அதிகாரிகள், பத்திரிகையாளர்கள் தங்கள் வேலையிலிருந்து ஒரு வருடம் விலகி அங்கே வந்து உட்கார்ந்து யோசிக்கலாம் என்பது ஏற்பாடு. எண்பதுகளின் தொடக்கத்தில் அப்படி வந்த இரண்டு பேர் மரண தண்டனைக் கைதிகள்.

ஒருவர் பிலிப்பைன்ஸின் எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ. சர்வாதிகாரி மார்க்கோஸின் சிறையில் ஏழு வருடத்துக்கு மேல் இருந்தவர். 1980இல் மாரடைப்பு வந்து, இதய அறுவைக்காக அமெரிக்கா போக விட்டார்கள். அறுவை முடிந்தபின் ஹார்வர்டில் அவருக்கு ஓர் இடம் கிடைத்தது. இன்னொருவர் தென்கொரியாவின் கிம். ராணுவ ஆட்சியை எதிர்த்து 1980இல் குவாங்ஜு நகரில் நடந்த எழுச்சிக்குப் பின்னால் அவருக்குத் தூக்கு விதித்தார்கள், பிறகு குறைத்தார்கள், 1982 டிசம்பரில் சிகிச்சை என்ற பெயரில் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். 1983–84இல் அவர் அந்த மையத்தில் ஆய்வாளர்.

அங்கே கிம் என்ன எழுதினார்? வாஷிங்டனின் ஆசியக் கொள்கையைப் பற்றி எழுதியிருந்தால் கைதட்டியிருப்பார்கள். அவர் எழுதியது கொரியப் பொருளாதாரத்தில் சாதாரண மக்களுக்கு என்ன பங்கு என்பதைப் பற்றி. 1971 தேர்தலில் அப்போதைய ஜனாதிபதி பார்க் சுங்-ஹீயை எதிர்த்து நின்றபோது ஊர் ஊராகப் பேசிய அதே விஷயம். தோற்றுப்போன தேர்தலின் சரக்கு! கடத்தல், சிறை, தூக்குத் தண்டனை எல்லாம் தாண்டியும் அதை விடவில்லை. 1985இல் அந்த மையமே அதைப் புத்தகமாகக் கொண்டுவந்தது.

அக்கினோ 1983 ஆகஸ்ட் 21 அன்று மணிலாவில் விமானத்திலிருந்து இறக்கப்பட்ட உடனே சுடப்பட்டுச் செத்தார். அதனால் 1985 பிப்ரவரியில் கிம் சியோலுக்குத் திரும்பியபோது அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் உட்பட ஒரு கூட்டமே கூடப் போனது. போனதும் வீட்டுக் காவல். 1998இல் அவர் ஜனாதிபதி ஆனதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அரசியல் அறிவியல் வாத்தியார்தானே.

இங்கே ஒரு கிளைக்கதை. வருகை ஆய்வாளர்களுக்கு அமெரிக்கா தரும் ஜே-1 விசாவில் போகிறவர்கள் கட்டாயம் எடுக்க வேண்டிய காப்பீட்டுக்குக் குறைந்தபட்ச வரம்பு உண்டு. சிகிச்சைக்கு 1,00,000 டாலர், செத்தால் உடலை ஊருக்கு அனுப்ப 25,000 டாலர். படிவத்தில் அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அக்கினோ ஞாபகம் வரும். அவர் உயிரோடு திரும்பிப் போனவர்.

சரி. நான் கண்ணால் பார்த்தது ஒன்றைச் சொல்கிறேன். பல வருடம் முன்னால் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் சில மாதம் இருந்தேன். எது என்பது வேண்டாம். பக்கத்து அறையில் நேபாளத்திலிருந்து வந்த ஓர் அம்மா. நீர்வளத்துறையில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். மதியச் சாப்பாட்டுக் கூட்டத்தில் ஒருநாள் அவருடைய முறை. 'இமயமலை நீர்ப் பாதுகாப்பு: பலதரப்புப் பார்வை' என்று தலைப்பு. அம்புக்குறியும் வட்டமுமாக ஸ்லைடுகள். எல்லோரும் சாண்ட்விச்சில் கவனமாக இருந்தார்கள். கேள்வி நேரத்தில் ஒரே ஒருவர், அதுவும் மரியாதைக்கு.

சாயங்காலம் தளத்தின் சமையலறையில் மைக்ரோவேவ் பக்கத்தில் நின்றுகொண்டு நேபாளத்திலிருந்து பீகாருக்கு ஓடிவரும் கோசி ஆற்றைப் பற்றி அவரிடம் ஏதோ கேட்டேன். காலி பீட்சா அட்டையைத் திருப்பிப் போட்டார், பேனாவை எடுத்தார். தடுப்பணை நிற்பது நேபாள மண்ணில், மதகுகளை ஏற்றி இறக்குவது இந்தியத் தரப்பு. இரண்டு நாடுகளும் போட்ட 1954 ஒப்பந்தம். 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசஹாவில் கரை உடைந்தபோது ஆற்றில் ஓடிய தண்ணீர், அந்த அமைப்பு தாங்கவேண்டிய அளவில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. கரை இருப்பது ஒரு நாட்டில், பராமரிக்க வேண்டியது இன்னொரு நாடு. உடைந்த ஆறு பழைய தடம் தேடிப் போய் பீகாரில் லட்சக்கணக்கானவர்களை வீட்டைவிட்டுத் துரத்தியது. எந்தக் கடிதம் எந்த மேஜையில் கிடந்திருக்கும் என்று அவரால் ஊகிக்க முடிந்தது, ஏனென்றால் அந்த மாதிரி மேஜைகளில் உட்கார்ந்தவர். காபி எடுக்க வந்த இரண்டு மாணவர்கள் நின்றுவிட்டார்கள். அப்புறம் ஒரு பேராசிரியர். மதியம் சாண்ட்விச் தின்றவர்தான். "இதை ஏன் நீங்கள் பேசவில்லை?" என்று கேட்டார். அந்த அம்மா சொன்ன பதில் உங்கள் சீனியர் சொன்னதேதான்: "இதெல்லாம் உள்ளூர் விஷயம் என்று நினைத்தேன்."

இந்தோ-பசிபிக் பற்றி எழுதுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் அதே தலைப்பில் கான்பெராவிலிருந்து ஒருவர், டோக்கியோவிலிருந்து ஒருவர் விண்ணப்பித்திருப்பார்கள். பக்கத்து அறையில் பென்டகனிலேயே வேலை பார்த்துவிட்டு வந்தவர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள், அவர் எழுதிய அறிக்கையையா?

உங்களிடம் இருப்பதைப் பாருங்கள். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று கடலையே நாள்கணக்கில் பங்கு போட்டுக்கொண்ட ஊர். விடிகாலையில் டோக்கன் வாங்கி, ஐஸ் ஏற்றி, டீசல் போட்டுக்கொண்டு கிளம்புகிற படகு. அது எல்லையைத் தாண்டும் என்பது டோக்கன் கொடுக்கிற அரசுக்குத் தெரியுமா, தெரியாதா? இந்தியாவும் இலங்கையும் போட்ட 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு, நம் மீனவர்களும் யாத்ரிகர்களும் விசா இல்லாமல் கச்சத்தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. 1976 கடிதப் பரிமாற்றம், அந்தப் பக்கத்துக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கைது, படகுப் பறிமுதல், துப்பாக்கிச் சூடு எல்லாம். கடலடியை வாரிக்கொண்டு போகிற வலையான இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டே தடை செய்தது. நம் படகின் மடி அறுத்துப்போடுகிற வலை யாழ்ப்பாணத்துத் தமிழனுடையது; கச்சத்தீவை மீட்போம் என்று மேடையில் முழங்குகிறவர் யாரும் இதை வாய்திறந்து சொல்வதில்லை. இரண்டு தேசங்கள், ஒரு கடற்படை, இரு கரையிலும் ஒரே மொழி பேசுகிற ஏழைகள். இது சர்வதேச விவகாரம் இல்லையென்றால் வேறு எதுதான்?

எங்கே விண்ணப்பிப்பது என்றல்லவா கேட்டிருந்தீர்கள். மையத்தின் பெயரைப் பார்க்காமல் ஆளைத் தேடுங்கள். கடல் எல்லை, மீன்வளம், தெற்காசியா என்று வேலை செய்கிற ஒரு பேராசிரியருக்குச் சுருக்கமாக மெயில் எழுதுங்கள். அவருடைய அழைப்புக் கடிதம் இருந்தால் மற்றதெல்லாம் நகரும். பணத்தை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வருகை ஆய்வாளர் பதவி என்றால் சம்பளம் என்று அர்த்தமில்லை. பல இடங்களில் மேஜையும் நூலக அட்டையும்தான் தருவார்கள். சில இடங்களில் நீங்களே கட்டணம் கட்ட வேண்டும். இந்திய, அமெரிக்க அரசுகள் சேர்ந்து தரும் ஃபுல்பிரைட்–நேரு உதவித்தொகை கிடைத்தால் செலவை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். முடிந்தபின் இரண்டு வருடம் ஊரில் இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. உங்களுக்கு அது ஒரு தண்டனையா என்ன?

குறிப்பைப் புதிதாக எழுதி அனுப்புங்கள். இரண்டு பக்கம் போதும். முதல் பத்தி டோக்கன் கொடுக்கும் இடத்தில் தொடங்கட்டும். 'சவால்களும் வாய்ப்புகளும்' என்று எங்காவது கண்ணில் பட்டால் மிச்சத்தைப் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவேன்.